மலக்கசிவு: எழுதித் தந்த ஐந்து பரிசோதனைகளும் வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத 54 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. மூன்று ஆண்டுகளாக அவருக்கு மலம் அடங்குவதில்லை. முதலில் வாயு மட்டும் தன்னையறியாமல் பிரிந்தது. பிறகு, அவசரம் வந்தால் கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் ஆகிவிடும் நிலை வந்தது. இப்போது சில நாட்களில் உள்ளாடையில் கறை பட்ட பிறகுதான் கசிந்ததே தெரிகிறது. பெரும்பாலும் மலம் இளகலாகத்தான் போகிறது. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். 29 ஆண்டுகளுக்கு முன் தலைப்பிரசவத்தில் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்திருக்கிறார்கள். “உள்ளே வரைக்கும் கிழிஞ்சு நிறைய தையல் போட்டாங்க” என்கிறார். வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்து பட்டினி. மூலம், பவுத்திரம் என்று பலகை வைத்த ஓரிடத்தில் ‘மூலம்தான், உடனே ஆபரேஷன்’ என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு மருத்துவர் விவரம் கேட்டுவிட்டு, தொட்டுப் பார்க்காமலே, மேனோமெட்ரி, ஆசனவாய் அல்ட்ராசவுண்ட், இடுப்பு எம்.ஆர்.ஐ., டெஃபிகோகிராஃபி, நரம்புப் பரிசோதனை என ஐந்தை எழுதித் தந்திருக்கிறார். ஆறு மாதம் முன் எடுத்த கொலனோஸ்கோப்பி நார்மல். “அது நார்மல் என்றால் இதெல்லாம் எதற்கு? வலிக்குமா? ஆண் மருத்துவர்தான் செய்வாரா? கிழிசல் இருப்பது தெரிந்தால் கட்டாயம் ஆபரேஷனா? வயசானால் இப்படித்தான் என்று மாத்திரையோடு இருந்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் நேரடியான பதில். ஐந்தும் வேண்டியதில்லை. மேனோமெட்ரி, ஆசனவாய் அல்ட்ராசவுண்ட் ஆகிய இரண்டு தேவைப்படலாம், அவற்றுக்கும் இன்றே ஓட வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வருகிற பதில் எதுவானாலும் உங்களுக்குத் தரப்போகும் சிகிச்சை மாறாது என்றால், அந்தப் பரிசோதனை இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல. யார் எந்தச் சீட்டை எழுதித் தந்தாலும் “இதன் முடிவு வந்தால் என்ன மாறும்?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கொலனோஸ்கோப்பி நார்மல் என்பது நல்ல செய்தி. ஆனால் அது பார்ப்பது பெருங்குடலின் உட்சுவரை: கட்டி, புண், அழற்சி இருக்கிறதா என்று. மலத்தை அடக்கி வைக்கும் சுருக்குத்தசைகள் அந்தச் சுவருக்கு வெளியே இருக்கின்றன. அவை கிழிந்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் கொலனோஸ்கோப்பி ‘நார்மல்’ என்றுதான் வரும். அந்த அறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள்: சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்களா? நீண்ட நாள் இளகலாகப் போகிறவர்களில் சிலருக்கு, கண்ணுக்கு நார்மலாகத் தெரியும் குடலில் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சி இருக்கும். கீழே சொல்லும் மாற்றங்களைச் செய்த பிறகும் மலம் கட்டிப்படவில்லை என்றால் இந்தக் கேள்வி முக்கியமாகிவிடும்.

உங்கள் கசிவு ஒரே வகை அல்ல. கடிதத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. அவசரம் வந்து அடக்க முடியாமல் போவது பெரும்பாலும் வெளிச் சுருக்குத்தசையின் பலவீனத்தையோ, மலக்குடல் விரிந்து கொடுக்காததையோ காட்டும். தெரியாமலே கசிவது உட்சுருக்குத்தசை தளர்ந்திருப்பதையோ உணர்ச்சி மங்கியிருப்பதையோ காட்டும். வெளித்தசை நாம் நினைத்து இறுக்குவது. உட்தசை தூக்கத்திலும் தானாக மூடியிருப்பது. ஓய்வு நேர இறுக்கத்தில் பெரும்பங்கு அதனுடையதே. ஆயுதப் பிரசவக் கிழிசல் இரண்டையுமே தாக்கக்கூடியது. நீடித்த சர்க்கரை நோய் நரம்புகளைத் தாக்கி, உட்தசையின் இறுக்கத்தையும் மலக்குடலின் உணர்ச்சியையும் குறைக்கும்.

“பிரசவத்துக்குப் பிறகு 26 வருஷம் ஒன்றுமில்லாமல் இருந்ததே, அது எப்படிக் காரணமாகும்?” என்று எழுதியிருக்கிறீர்கள். காரணமாக முடியும். இளவயதில் மற்ற தசைகள் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மாதவிடாய் நின்ற பின் தசைகள் மெலிகின்றன, சர்க்கரை சேர்கிறது, மலம் இளகுகிறது. அப்போதுதான் பழைய காயம் வெளிப்படுகிறது. பிரசவத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தொடங்குவது இந்த நோயில் வழக்கமான கதைதான். இதை வயது என்று மட்டும் எழுதி மூடிவிடக் கூடாது.

விரல் பரிசோதனை இல்லாமல் எதுவும் வேண்டாம்

உங்களைத் தொட்டுப் பார்க்காமலே ஐந்து பரிசோதனைகளை எழுதியது சரியான வரிசை அல்ல. கையுறை அணிந்த ஒரு விரலால் இரண்டு மூன்று நிமிடத்தில் தெரிய வேண்டியவை நிறைய இருக்கின்றன. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதலில் வெளியே பார்ப்பார்கள்: தழும்பு, தோல் அரிப்பு, ஆசனவாய் மூடாமல் சற்றே திறந்திருக்கிறதா, பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள சதை மெலிந்திருக்கிறதா என்று. பஞ்சுக் குச்சியால் சுற்றுத் தோலைத் தொட்டால் ஆசனவாய் சட்டெனச் சுருங்க வேண்டும். இருபக்கமும் சுருங்காவிட்டால் நரம்புப் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே விரல் வைத்து, சும்மா இருக்கும்போது எவ்வளவு இறுக்கம், “அடக்குங்கள்” என்றால் எவ்வளவு, “முக்குங்கள்” என்றால் தளர்கிறதா என மூன்றையும் தனித்தனியே பார்ப்பார்கள்.

இறுகிய மலம் உள்ளே அடைத்து, அதன் ஓரமாக நீர்மலம் வழிகிறதா என்பதும் இந்த விரலுக்குத்தான் தெரியும். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். மருந்துக்கடையில் கேட்டு லோபரமைடு வாங்குவதற்கு முன்னால் விரல் பரிசோதனை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உட்கார்ந்து முக்கச் சொல்லியும் ஒருமுறை பார்க்க வேண்டும். மலக்குடல் வெளியே இறங்குவதை மூலம் என்று தவறாகச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. இறங்கிய மலக்குடலில் மடிப்புகள் வட்ட வட்டமாக இருக்கும். மூல முண்டுகளுக்கு நடுவே பிளவுகள் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும். படுத்த நிலையில் இரண்டும் உள்ளே போய்விடுவதால் வேறுபாடு தெரியாமல் போகலாம்.

மூல ஆபரேஷனுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான். ஆசனவாயின் உள்ளே இருக்கும் மெத்தைத் திசுக்கள் (இவை வீங்குவதுதான் மூலம்) வாயுவையும் நீர்மலத்தையும் அடைத்து வைப்பதில் ஒரு பங்கு செய்கின்றன. சுருக்குத்தசை ஏற்கெனவே பலவீனமாக இருக்கும்போது அவற்றை வெட்டி எடுத்தால் கசிவு கூடலாம். ஆசனவாயை விரித்துவிடுவது, உட்தசையை வெட்டித் தளர்த்துவது போன்ற சிகிச்சைகள் உங்களைப் போன்றவருக்கு இன்னும் ஆபத்து. தசையின் நிலை தெரியும் வரை கத்தியோ, ஊசி மருந்தோ, நூல் கட்டுவதோ எதுவும் அங்கே படக் கூடாது.

மெட்ஃபார்மினும் பதினான்கு நாள் குறிப்பும்

மெட்ஃபார்மின் பலருக்கு மலத்தை இளக்கும். ஒன்பது ஆண்டாகச் சாப்பிடுகிறேன், இப்போது மட்டும் எப்படி என்று தோன்றலாம். அளவைக் கூட்டிய பிறகோ, பல ஆண்டுகள் கழித்தோகூட இது தொடங்குவதுண்டு. பலவீனமான தசையால் கெட்டியான மலத்தைத் தாங்க முடியும். நீர்மலத்தைத் தாங்க முடியாது. எனவே உங்கள் சர்க்கரை மருத்துவரிடம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா, சில வாரம் வேறு மருந்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து, சர்பிட்டால் சேர்த்த ‘சுகர் ஃப்ரீ’ இனிப்பு, அதிகக் காபி, ஒத்துக்கொள்ளாத பால் ஆகியவையும் கணக்கில் வரட்டும். ரத்தத்தில் தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, ரத்தசோகை, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை ஆகிய நான்கும் போதும். உங்கள் ஊரிலேயே எடுக்கலாம்.

கூடவே பதினான்கு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும்: நேரம், பிரிஸ்டல் அட்டவணைப்படி (கெட்டி உருண்டை முதல் வெறும் நீர் வரை) மலம் ஏழு வகையில் எது, அவசரம் இருந்ததா, எத்தனை நிமிடம் தாங்கினீர்கள், கசிவு தெரிந்ததா தெரியவில்லையா, கறையா ஸ்பூன் அளவா அதற்கும் மேலா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள். தூக்கத்தில் கசிந்ததைத் தனியாகக் குறியுங்கள்; சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்புக்கு அது முக்கியமான தடயம். மருத்துவர் இதை வைத்து, கசிவு எவ்வளவு கடுமை என்று காட்டும் வெக்ஸ்னர் மதிப்பெண் போடுவார். கெட்டி மலம், நீர்மலம், வாயு, பேட் பயன்பாடு, வாழ்க்கை முறை மாற்றம் என்ற ஐந்துக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை, மொத்தம் 20. சிகிச்சைக்குப் பின் முன்னேற்றத்தை அளக்க இந்த எண்தான் அளவுகோல்.

விரல் பரிசோதனையில் அடைப்பில்லை என்று உறுதியான பிறகு, இசப்கோல் உமி ஒரு டீஸ்பூன் ஒரு டம்ளர் நீரில் கலந்து உடனே குடிக்கலாம். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். லோபரமைடு 2 மி.கி. மாத்திரையை, மருத்துவர் சொன்னால், வெளியே போகும் நாளில் சாப்பாட்டுக்கு அரை மணி முன் பாதியிலிருந்து தொடங்கலாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கூடாது. அளவைத் தன்னிச்சையாக ஏற்றினால் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

பட்டினியை இன்றோடு நிறுத்துங்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறினால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். கசிவைவிட அது பெரிய ஆபத்து. சாப்பிட்ட 20, 30 நிமிடத்தில் குடல் அசைவது இயல்பு என்பதால், கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகச் சாப்பிட்டுக் கழிப்பறை போய்விட்டுப் புறப்படுவதே நல்ல வழி.

இந்த மாற்றங்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். மலம் கட்டிப்பட்டு, கசிவும் நின்றுவிட்டால், படம் எதுவும் எடுக்காமலே நிறுத்திக்கொள்ளலாம். மாத்திரையோடு இருந்துவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: காரணம் பார்த்து, பலன் இருந்தால், தாராளமாக இருக்கலாம். பலன் போதவில்லை என்றால்தான் அடுத்த படி.

மேனோமெட்ரியில் என்ன நடக்கும்

இது அழுத்தத்தை அளப்பது. சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள வளையும் குழாய், நுனியில் ஒரு சிறு பலூன். மயக்க ஊசி கிடையாது. நீங்கள் விழித்திருந்து சொன்னபடி செய்ய வேண்டும் என்பதால் கொடுக்கவும் கூடாது. சில மணி நேரம் முன் சிறிய எனிமா தருவார்கள். பெரும்பாலான இடங்களில் பட்டினி தேவையில்லை. சர்க்கரை மாத்திரை பற்றி மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பலூன் லேடெக்ஸால் ஆனதாக இருக்கலாம். ரப்பர் கையுறை, பலூன் பட்டு அரிப்பு வந்ததுண்டு என்றால் சொல்லிவிடுங்கள்.

ஒருக்களித்துப் படுத்ததும் குழாயை வைத்துச் சில நிமிடம் சும்மா விடுவார்கள். புதிதாக ஒன்று உள்ளே போனதும் தசை இறுகிக்கொள்ளும். அது அடங்கும் முன்பே அளந்தால் எண் பொய்யாகிவிடும். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு அழுத்தம். ஐந்து ஐந்து வினாடியாக மூன்று முறை அடக்கச் சொல்வார்கள். அடுத்து 30 வினாடி தொடர்ந்து அடக்க வேண்டும். இந்த நீண்ட பிடிதான் உங்களுக்கு முக்கியம்: கழிப்பறை வரை நடக்கத் தேவையான தாங்குசக்தி அதில்தான் தெரியும். இருமச் சொல்வார்கள், முக்கச் சொல்வார்கள். அடக்கச் சொல்லும்போது பிட்டத்தையும் தொடையையும் இறுக்கினால் எண் நன்றாக வந்துவிடும், உண்மை தெரியாது. ஆசனவாயை மட்டும் மேல்நோக்கி இழுங்கள்.

அடுத்து பலூனைச் சிறிது சிறிதாக நிரப்பி, முதலில் உணர்ந்தது எப்போது, போக வேண்டும் என்று தோன்றியது எப்போது, இதற்கு மேல் தாங்காது என்றது எப்போது என்று கேட்பார்கள். 60, 70 மி.லி.யிலேயே தாங்காது என்றால் மலக்குடல் விரிய மறுக்கிறது. அவசரத்துக்குக் காரணம் தசை மட்டுமல்ல என்று பொருள். நிறைய நிரப்பியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் உணர்ச்சி மங்கியிருக்கிறது. தெரியாமல் கசிவதற்கு அது விளக்கம் தரும். இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. கடைசியாக, 50 மி.லி. நீர் நிரப்பிய பலூனைக் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து வெளியேற்றச் சொல்வார்கள். ஓரிரு நிமிடத்தில் வெளியேறாவிட்டால் மலம் முழுதும் வெளியேறாமல் மிச்சம் தங்கிப் பிறகு கசிகிறது என்று நினைக்க இடமுண்டு.

மொத்தம் அரை மணி நேரம். வலி இருக்காது, சங்கடமும் அவசர உணர்வும் இருக்கும். பலூன் நிரம்பும்போது போதும் என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். நீங்கள் எங்கே நிறுத்தச் சொல்கிறீர்கள் என்பதே அங்கே அளவு. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் முடிவு தவறாகும். நடுவில் கசிந்தாலும் வெட்கப்பட வேண்டாம். அதற்காகத்தான் விரிப்பு போட்டிருக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்ட்: கிழிசலைப் பார்ப்பது

மேனோமெட்ரி ‘பலம் எவ்வளவு’ என்று சொல்லும். ஏன் குறைந்தது என்பதற்குத் தசை முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆசனவாய் அல்ட்ராசவுண்ட்தான் எளிது. ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தடிமனுள்ள கருவி சில செ.மீ. உள்ளே போய் 360 பாகையும் படம் எடுக்கும். பத்து நிமிட வேலை. உட்தசை கறுப்பு வளையமாகவும் வெளித்தசை அதைச் சுற்றி வெளிறிய வளையமாகவும் தெரியும். கிழிசலைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள். பிரசவக் கிழிசல் முன்பக்கம், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் இருப்பது வழக்கம். உட்தசை உடையாமல் மொத்தமாக மெலிந்திருந்தால் அது கிழிசல் அல்ல, தேய்வு. அதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது.

பெண்களுக்கு வெளித்தசை முன்பக்கத்தில் இயல்பிலேயே குட்டை. ஆசனக் கால்வாயின் மேல்பகுதியில் மட்டும் பார்த்தால் முன்னே இடைவெளி தெரியும். அது இயற்கை அமைப்பு. அனுபவம் குறைந்தவர் அதைக் கிழிசல் என்று எழுதிவிடக்கூடும். எனவே அறிக்கையில் எந்த மட்டத்தில், எத்தனை பாகை, எந்தத் தசையில் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ‘முன்பக்கக் கிழிசல்’ என்றிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

கிழிசல் தெரிந்தால் கட்டாயம் ஆபரேஷனா? இல்லை. படத்தில் கிழிசல் இருந்தும் கசிவே இல்லாத தாய்மார்கள் பலர் உண்டு. பழைய கிழிசலைத் தைக்கும் அறுவையில் ஆரம்பத்தில் பலன் நன்றாக இருக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டில் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. உங்கள் வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சியையும் பயோஃபீட்பேக்கையும் முதலில் முழுதாகச் செய்து பார்ப்பதே சரி. பயோஃபீட்பேக் என்பது மேனோமெட்ரிக் குழாயை வைத்துக்கொண்டே, திரையில் அழுத்தத்தைப் பார்த்தபடி சரியான தசையை இறுக்கப் பழகுவது. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் இடுப்பு நரம்புத் தூண்டல் கருவியைப் பற்றிப் பேசலாம். இரண்டு மூன்று வாரம் வெள்ளோட்டம் விட்டு, கசிவு பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். செலவு அதிகம்.

மற்ற மூன்றும்

எம்.ஆர்.ஐ. வெளித்தசை மெலிந்து கொழுப்பாகிவிட்டதா என்பதை நன்றாகக் காட்டும். தையல் அறுவை பற்றி யோசிக்கும்போது அது பயன்படும், இப்போது வேண்டாம். டெஃபிகோகிராஃபி என்பது மலக்குடலில் ஜெல் அல்லது பேரியம் பசையை நிரப்பி, அது வெளியேறுவதைப் படமெடுப்பது. ஏதோ இறங்குகிறது, முழுதும் போன திருப்தி இல்லை, விரலால் அழுத்தினால்தான் போகிறது என்பவர்களுக்கு உரியது. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆசனவாய் நரம்பில் மின்தூண்டல் கொடுத்து வேகம் அளக்கும் பரிசோதனையை இன்றைய வழிகாட்டு நெறிகள் வழக்கமாகச் செய்யச் சொல்வதில்லை. செய்பவரின் விரலைப் பொறுத்து எண் மாறும். முடிவும் சிகிச்சையைத் தீர்மானிக்காது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

மேனோமெட்ரி எல்லா ஊரிலும் இல்லை. பெரிய நகர மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவில் தொலைபேசியில் விசாரித்து, அல்ட்ராசவுண்டையும் அதே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே பயணம், ஒரே எனிமா. கட்டணத்தைத் தனித்தனியாகக் கேட்பது உங்கள் உரிமை. பெண் மருத்துவரோ பெண் தொழில்நுட்பரோ செய்யும் நாளைக் கேளுங்கள். ஆண் மருத்துவர் பரிசோதித்தாலும் ஒரு பெண் உடனிருக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனம் அதை மருத்துவமனையின் கடமையாகவே சொல்கிறது. மகளையும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். அறிக்கையோடு அழுத்த வரைபடத்தையும் அல்ட்ராசவுண்ட் படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் காட்ட அவைதான் உதவும். 29 ஆண்டுக்கு முந்தைய பிரசவச் சீட்டு வீட்டில் எங்காவது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

சில அறிகுறிகளுக்கு இந்த வரிசையும் எட்டு வாரமும் பொருந்தாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, புதிதாக ரத்தசோகை என்றால் ஆறு மாதம் முந்தைய நார்மல் அறிக்கையை நம்பி இருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உட்காரும் இடத்தில் தோல் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்குவது, இரு காலும் பலமிழப்பது ஆகியவற்றில் எது புதிதாகக் கசிவோடு சேர்ந்தாலும் அது முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம். அப்போது மேனோமெட்ரிக்கு நாள் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போய் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.